வடக்கு யன்னல்

கிருசாந்தினி,
அறை கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய்.
ஒட்டுசுட்டானில், பூசாத சுவரோடு,
எட்டடிக்குப் பத்தடி. போதும்.
என்னுடையது குசினியாய் வரவேண்டியது.
வீட்டுத்திட்டக் காசு யன்னல் மட்டத்தில் முடிந்தது.
அடுப்பு வெளியே போக, நான் உள்ளே வந்தேன்.

வடக்கு வெளிச்சம் எடு என்று
புத்தகங்கள் சொல்லும். நம்பு, முழுக்க நம்பாதே.
அவை வேறு நாட்டுச் சூரியனைப் பார்த்து எழுதியவை.
இங்கே ஆனி ஆடியில் வெயில் வடக்காலும் எட்டிப் பார்க்கும்,
கடன் கேட்க வந்தவன்போல.
வெள்ளை வேட்டியொன்றைக் கிழித்துத் தொங்கவிடு.
நான் நீலச் சேலை கட்டினேன்;
ஒரு கிழமை கீறியதை வெளியே கொண்டுவந்தால்
எல்லாக் கன்னத்திலும் மஞ்சட்காமாலை.

கச்சான் காற்று தொடங்கினால் மேற்கைச் சாத்து.
விசுவமடு வீதியில் கிறவல் ஏற்றிய டிப்பர்கள்
நிறுத்தாமல் போகும்.
ஈர எண்ணெயில் செம்மண் ஒட்டும்.
வயல் படமென்றால் பரவாயில்லை.
கலியாணப் பெண்ணின் மூக்கில் என்ன சொல்வாய்?

துணிக்குக் காசில்லையென்று
பழைய தறப்பாளில் கீறிப் பார்த்தேன்.
அது நிறத்தைக் குடிக்கவில்லை,
மழையைப்போல வழிய விட்டது.
அதன் வேலையே அதுதானே.
பருத்திப் பெட்சீற்றை அவித்து, இழுத்து ஆணியடித்து,
சோக்குத்தூளும் பசையும் மூன்று கை பூசு.
ஒரு கைக்கும் மறு கைக்கும் இடையில்
ஓர் இரவு பொறு.

பங்குனி வெயிலில் அக்ரிலிக்
நீ நினைத்து முடிக்குமுன் காய்ந்துவிடும்.
சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஈரத்துணி,
அதன்மேல் எண்ணெய்த்தாள், அதன்மேல் நிறம்.
கழுவுதண்ணிப் பேணியும் தேத்தண்ணிக் கோப்பையும்
ஒரே மேசையில் வேண்டாம்.
இதை இரண்டு தரம் படித்தேன்.

கடைப் பச்சையை அப்படியே பாலைமரத்தில் வைக்காதே.
எங்கள் காட்டில் சாம்பலும் உண்டு, செம்பும் உண்டு.
பச்சைக்குள் ஒரு துளி சிவப்பு விடு, பயப்படாமல்.

ஆட்கள் வருவார்கள்.
சலூன்காரர் நீர்வீழ்ச்சி கேட்பார்,
விசுவமடுவில் நீர்வீழ்ச்சி!
முற்பணம் வாங்கு. அதில் வெள்ளை வாங்கு.
வெள்ளைதான் முதலில் தீரும்.

பிறகொரு நாள் தவமலர் வந்தா,
பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டைப் பிரதியோடு.
"இதில இவனுக்குப் பத்தொன்பது.
எனக்கு இப்பத்தைய வயசில வேணும்."
எத்தனை என்று கேட்டேன்.
விரல் மடக்கவில்லை. "ஆவணி வந்தால் முப்பத்தாறு."

இதற்குப் புத்தகத்தில் குறிப்பில்லை,
அதனால் எழுதுகிறேன்.
சுருக்கம் கீறாதே, நாடக வேஷமாகிவிடும்.
நெற்றி மயிரை ஒரு நெல்லளவு பின்னே தள்ளு.
கழுத்தைக் கொஞ்சம் தடிப்பாக்கு.
கண்ணுக்குக் கீழே ஊதா, சாம்பலோடு, மிகக் குறைய.
வாயை மட்டும் அட்டையில் பார்க்காதே.
வாய் தாயினுடையது. எதிரே இருக்கிறா, பார்த்துக் கீறு.

மூன்று நாள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டினேன்;
பிழை தானாய்த் தெரியும்.
தெரிந்தது சட்டை.
முப்பத்தாறுக்குப் பள்ளிக்கூடச் சட்டை போட்டிருந்தேன்.

தவமலரைக் கேட்டேன்.
நெடுநேரம் யோசித்தா.
"கோடுபோட்ட சேட்டு.
கையை மடிச்சு விடு.
வேலைக்குப் போறவன்தானே இப்ப."

அன்று மழையிருட்டு, கரண்டும் இல்லை.
மெழுகுதிரியில் நிறம் கலக்காதே,
நீலமும் கறுப்பும் ஒன்றாய் நிற்கும்.
மடித்த கையின் கோட்டை மட்டும் பென்சிலால் போட்டு
மிச்சத்தை விடியலுக்கு விட்டேன்.

பிறஸ்களைத் தண்ணீரில் ஊறவிட்டு நித்திரைக்குப் போகாதே.
சவர்க்காரத்தோடு உள்ளங்கையில் தேய்,
நுனியை விரலால் கூராக்கு, மயிர் மேலே பார்க்க வை.
என்னிடம் இன்னொரு சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறது.
பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.
மூடி கொஞ்சம் வெடித்தது.